கடைசலும் ரப்பரும்: ஒரு காரின் ஆயுளை நீட்டித்த கைகள்

கொச்சியிலிருந்து ஆலுவா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் களமசேரி என்னும் தொழில்நகரம் உள்ளது. அந்நகரின் சந்திப்புகள் சிலவற்றுக்குத் தொழிற்சாலைகளே பெயர் தந்திருக்கின்றன. ஒன்று எச்.எம்.டி. சந்திப்பு, மற்றொன்று பிரீமியர் சந்திப்பு. முன்னது கடைசல் இயந்திரங்களைச் செய்த அரசு நிறுவனத்தின் பெயர். பின்னது டயர் செய்த தனியார் ஆலையின் பெயர். பிரீமியர் டயர்ஸ் ஆலை 1995-இல் அப்போலோ டயர்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது. ஆயினும் பழைய பெயர் மக்கள் நாவிலிருந்து இறங்கவில்லை. இவை இரண்டோடு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் மின்கனிமப் பிரிவும் களமசேரியில் இயங்குகிறது. சாணைக்கல்லுக்கும் உப்புத்தாளுக்கும் உயிராக இருக்கும் உராய்பொருள்களை உருவாக்குவது அந்நிறுவனத்தின் தொழில்.

களமசேரியில் கார் செய்யும் ஆலை எதுவும் இல்லை. ஆனால் செய்யப்பட்ட ஒரு காரைச் சாகவிடாமல் வைத்திருப்பதற்கு வேண்டிய மூன்று பொருள்களும் இவ்வூரோடு தொடர்புடையவை: கடைசல், ரப்பர், உராய்பொடி. தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் கார் என்னும் இயந்திரம் எவ்வாறு அதன் இயல்பான ஆயுளைத் தாண்டி வாழவைக்கப்பட்டது என்னும் வரலாற்றை இம்மூன்றின் துணைகொண்டு படிக்கலாம். அது பெருநிறுவனங்களின் வரலாறாக மட்டும் இராது; பற்றாக்குறையின் வரலாறாகவும், பற்றாக்குறை பழக்கிவைத்த கண்களின் வரலாறாகவும் இருக்கும்.

முதலில் சொற்களைப் பார்ப்பது பயன் தரும். ஒரு பொருளைச் சீராக வைத்திருத்தலைக் குறிக்கத் தமிழில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. ‘மராமத்து’ அரபு மூலத்திலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. ஏரி, கால்வாய்களை ஊரார் கூடிச் சீர்செய்யும் குடிமராமத்தில் அச்சொல் தமிழ்நாட்டில் நிலைத்தது. கேரளத்திலோ இன்றைக்கும் அரசின் பொதுப்பணித் துறைக்குப் ‘பொதுமராமத்து’ என்பதே பெயர். இரண்டாவது சொல் ‘பழுதுபார்த்தல்’. இதில் செய்தல் என்னும் வினை இல்லை, பார்த்தலே இருக்கிறது. பழுதைக் கண்டறிதலே வேலையில் பாதி என்று அச்சொல்லை ஆக்கியவர்கள் எண்ணினார்கள் போலும். மூன்றாவது ‘பராமரிப்பு’. வடமொழி வேர்கொண்ட இச்சொல்லின் பழம்பொருள் ஆராய்தல், எண்ணிப்பார்த்தல் என்பதாகும். பிறகுதான் பேணுதல், காத்தல் என்னும் பொருள்கள் அதில் வந்து சேர்ந்தன. குழந்தையையும் முதியவரையும் கோயிலையும் காரையும் இன்று நாம் ஒரே வினைச்சொல்லால் பராமரிக்கிறோம்.

உடைந்தபின் செய்வது மராமத்து. உடைவதற்கு முன் கண்டுகொள்வது பராமரிப்பு. ஒரு கார் 10 ஆண்டு ஓடுவதற்கும் 40 ஆண்டு ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவில்தான் இருக்கிறது.

களமசேரியைச் சுற்றித் தொழில்கள் திரண்டதற்குக் காரணம் ஆறும் மலையும் ஆகும். மூணாறு அருகே பள்ளிவாசல் நீர்மின் திட்டம் 1940-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அம்மின்சாரத்தையும் பெரியாற்றின் நீரையும் நம்பி 1940-களில் ஏலூரில் உர ஆலையும் அருகே அலுமினிய ஆலையும் எழுந்தன. 1960-களில் எச்.எம்.டி.யின் அலகும் டயர் ஆலையும் அவ்வரிசையில் சேர்ந்தன. டயருக்கு வேண்டிய ரப்பரோ கிழக்கே கைக்கெட்டும் தொலைவில் விளைந்தது. இந்தியாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1902-இல் இதே பெரியாற்றங்கரையில், தட்டேக்காட்டில்தான் நடப்பட்டது. 1971-இல் தொடங்கப்பட்ட கொச்சிப் பல்கலைக்கழகம் ரப்பர்த் தொழில்நுட்பத்துக்கெனத் தனித் துறை கண்டதும் இந்நிலவியலின் தொடர்ச்சியே.

ரப்பரின் அருமையைத் தென்னிந்தியச் சாலைகள் உணர்ந்தது 1942-இல். அவ்வாண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் அவர்கள் வசமாயின. உலகின் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நேசநாடுகளின் கையைவிட்டுப் போயிற்று. எஞ்சிய முக்கிய ஊற்றுகள் இலங்கையும் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளும்தாம். அங்கே விளைந்த ரப்பரும் போருக்கே முதலில் சென்றது. பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டது. புதிய டயர் வாங்குவது உரிமம் பெறுவதற்கு ஒப்பான செயலாயிற்று.

இந்நெருக்கடியில் இரண்டு உத்திகள் தலையெடுத்தன. ஒன்று கரிவாயு. வண்டியின் பின்புறம் உருளை வடிவக் கொதிகலம் ஒன்றைப் பொருத்தி, அதில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரியவிட்டு, எழும் வாயுவை வடிகட்டி இன்ஜினுக்குச் செலுத்தினார்கள். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் இத்தகைய வாயுக்கலங்களைச் செய்து விற்றது. 1912 முதல் பேருந்து நடத்திய அனுபவம் அந்நிறுவனத்துக்கு இருந்தது. தன் பேருந்துத் தடங்களில் மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் குத்தாதிருக்க, காந்தம் பொருத்திய வண்டியை அனுப்பி அவற்றைப் பொறுக்க வைத்தார் சுந்தரம் ஐயங்கார் என்று கூறுவர். பஞ்சர் ஒட்டுவது மராமத்து. ஆணி பொறுக்குவது பராமரிப்பு. இவ்வேறுபாட்டை ஒரு பேருந்து முதலாளி அக்காலத்திலேயே கணக்குப் போட்டு அறிந்திருந்தார் என்பதே அச்செய்தியின் சாரம்.

மற்றோர் உத்தி ரீட்ரெடிங் எனப்படும் மறுபூச்சு. தேய்ந்த டயரின் மேற்பரப்பைச் சீவி எடுத்து, பசை பூசி, புதிய ரப்பர்ப் பட்டையைச் சுற்றி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் அதை வேகவைத்து ஒட்டுவது இம்முறை. அச்சில் வைத்து வேகவைக்கும் பழைய முறைக்குச் சுமார் 150 பாகை வெப்பம் தேவைப்படும். முன்னரே வடிவம் பெற்ற பட்டையை ஒட்டும் பிற்கால முறைக்குச் சுமார் 100 பாகை போதும். டயரின் விலையில் பெரும்பங்கு அதன் உட்கூட்டிலேதான் அடங்கியிருக்கிறது. தேய்வதோ மேற்பட்டை மட்டுமே. ஆகவே உட்கூடு நலமாக இருக்கும்வரை டயருக்கு மறுபிறவி உண்டு.

இங்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நூல் வெளியே தெரியும்வரை ஓட்டிய டயருக்கு மறுபூச்சுச் செய்ய இயலாது. காற்றுக் குறைவாக ஓடிய டயரின் பக்கச்சுவர் உள்ளுக்குள் சூடாகி நைந்துபோயிருக்கும்; அதையும் பட்டறை திருப்பி அனுப்பிவிடும். உரிய நேரத்தில் கழற்றியவருக்கே இரண்டாம் ஆயுள் கிட்டும். தென்னகத்தின் லாரி, பேருந்து உலகம் இப்பாடத்தைப் போருக்குப் பின்னும் மறக்கவில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தம் பணிமனைகளிலேயே டயர்களுக்கு மறுபூச்சுச் செய்தன. மறுபூச்சுக்கான ரப்பர்ப் பட்டை செய்வது கேரளத்தில் தனித் தொழிலாகவே வளர்ந்தது.

போர் முடிந்தது, பற்றாக்குறை முடியவில்லை. விடுதலை பெற்ற இந்தியா அந்நியச் செலாவணியைக் காப்பதற்காகக் கார் இறக்குமதியைச் சுருக்கியது. 1953-இல் வகுக்கப்பட்ட கொள்கைப்படி, உள்நாட்டில் படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டமுடைய நிறுவனங்களுக்கே இடமளிக்கப்பட்டது. பாகங்களை இறக்கிக் கோத்து விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. எஞ்சிய கார் நிறுவனங்களில் முதன்மையானவை மூன்று. உத்தர்பாராவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மாதிரியை 1950-களின் இறுதியில் அம்பாசிடராக்கி 2014 மே வரை செய்தது. பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஃபியட் காரை எடுத்துக்கொண்டு, பின்னாளில் அதற்குப் பத்மினி என்று பெயர் சூட்டியது. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961 முதல் ஹெரால்டு காரைத் தந்தது.

பணம் கட்டிவிட்டுக் கார் வருவதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கையிலுள்ள காரை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்பது தெரியாது. அதனால் ஒரு கார் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. ஒரு ஊர் மருத்துவரிடமிருந்து வாடகை ஓட்டுநருக்குச் சென்றது. அங்கிருந்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றது. உலகின் மறுகோடியில் கியூபாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தடை இறுகியபின், அதற்கு முன் வந்த அமெரிக்கக் கார்களை ஹவானா நகரத்தார் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓட்டினர். அங்கே தடை செய்த வேலையை இங்கே உரிமமுறை செய்தது.

அக்காலத்து இன்ஜின்கள் மறுபிறவிக்கு இடம் வைத்தே வார்க்கப்பட்டிருந்தன. வார்ப்பிரும்புச் சிலிண்டரின் சுவர் தடித்தது. பிஸ்டன் ஓடி ஓடிச் சுவர் நீள்வட்டமாகத் தேயும்போது, அதைக் கடைந்து மீண்டும் வட்டமாக்கலாம். அதற்கேற்பச் சற்றுப் பெரிய பிஸ்டனைப் பொருத்தலாம். இதற்கு ரீபோர் என்று பெயர். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறைகள் ‘தௌ’ என்று வழங்கின. முதல் ரீபோர் 20 தௌ, அடுத்தது 40, அதற்கடுத்தது 60. மில்லிமீட்டரில் சொன்னால் அரை, ஒன்று, ஒன்றரை. அதற்கு மேலும் தேய்ந்தால், சிலிண்டருக்குள் புதிய குழலை இறக்கி முதல் அளவுக்கே திரும்பலாம். கிராங்க் தண்டையும் இவ்வாறே படிப்படியாகச் சாணைபிடிக்கலாம். அங்கே அளவு ஏறாமல் இறங்கும். பிரேக் டிரம்மையும் கடைசலில் ஏற்றிச் சமப்படுத்தலாம். வால்வு தன் இருக்கையில் சரியாக அமராமல் வாயு கசிந்தால், உராய்பொடி கலந்த பசையைத் தடவி, மரக்கைப்பிடியில் உறிஞ்சியை ஒட்டி, இரு உள்ளங்கைகளுக்கிடையே தயிர் கடைவதுபோல் உருட்டுவார்கள். இருக்கையில் சாம்பல்நிற வளையம் ஒன்று சீராகத் தெரிந்தால் வேலை முடிந்தது என்று பொருள்.

களமசேரியின் மூன்று பொருள்களும் ஒரே பட்டறைக் கூரையின் கீழ் சந்தித்த இடம் இதுவே. எச்.எம்.டி.யின் கடைசல்கள் பெரிய ஆலைகளுக்கு உரியவை. மூலைமுடுக்குப் பட்டறைகளில் நின்றவை பெரும்பாலும் கோயம்புத்தூர், ராஜ்கோட், பட்டாலா போன்ற ஊர்களில் செய்யப்பட்ட மலிவான கடைசல்கள். ஆயினும் நாட்டில் கடைசல் செய்யும் அறிவும், அதை இயக்கக் கற்ற தொழிலாளர் தலைமுறையும் அரசு ஆலைகளோடும் தொழிற்பயிற்சி நிலையங்களோடும் சேர்ந்தே வளர்ந்தன. களமசேரியிலும் தொழிற்பயிற்சி நிலையமும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன.

தமிழில் ‘பட்டறை’ என்பது கொல்லனின் பணியிடத்தைக் குறித்த சொல். அதற்கும் முன் ‘பட்டடை’ என்று அவனுடைய அடைகல்லைக் குறித்தது. கொல்லுலை இருந்த இடத்தில் லேத் வந்தபோது பெயர் மாறவில்லை. வில்பட்டையைச் சூடேற்றி வளைவு கூட்டியவர்களும், நசுங்கிய தகட்டை அடித்து நிமிர்த்தும் டிங்கர் வேலைக்கு வந்தவர்களும் பழைய உலோகத் தொழிலின் தொடர்ச்சியே. இவர்களின் பேச்சில் கார் ஓர் உயிர். அது ஆயில் குடிக்கும், இருமும், மேட்டில் மூச்சு வாங்கும், காலையில் எழுந்திருக்க அடம்பிடிக்கும். இவை வெறும் உவமைகள் எனத் தள்ளத்தக்கவை அல்ல. ஆயில் குடிப்பது என்றால் பிஸ்டன் வளையமோ வால்வு வழிகாட்டியோ தேய்ந்திருக்கிறது. நீலப்புகையானால் எண்ணெய், கரும்புகையானால் மிகை எரிபொருள், வெண்புகை விடாது வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. கருவி இல்லாத காலத்தில் நோய்க்குறியைச் சுருக்கமாகச் சொல்லும் கலைச்சொல் தொகுதியாகவே அம்மொழி இயங்கியது.

கடைசலால் சரிசெய்ய இயலாத பகை ஒன்று உண்டு, அது துரு. கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மட்டாஞ்சேரி போன்ற கரையோரப் பகுதிகளில் காற்றிலேயே உப்பு கலந்திருக்கிறது. உலர் வெப்பம் மிக்க மதுரையில் இன்ஜின் முதலில் களைப்படையும். கொச்சியில் உடல் முதலில் சாகும். கதவின் அடிவிளிம்பு, சக்கரக் கூட்டின் உள்மடிப்பு, தரைவிரிப்பின் கீழ் நிற்கும் ஈரம் ஆகிய மூன்று இடங்களில்தான் துரு பெரும்பாலும் தொடங்கும். கதவின் அடியில் நீர் வடிவதற்கென விடப்பட்ட சிறு துளைகள் சேற்றால் அடைபட்டால், மழைநீர் உள்ளே தேங்கித் தகட்டை உள்ளிருந்தே தின்னும். வெளியே வண்ணம் கொப்பளிக்கும்போது காலம் கடந்திருக்கும். ஒரு ஈர்க்குச்சியால் அத்துளையைக் குத்திவிடுவதற்கு அரை நிமிடம் ஆகும். அதைச் செய்யாவிட்டால் அடித்தகட்டையே வெட்டி ஒட்டவேண்டி வரும். மழைக்காலத்துக்கு முன் அடிப்பாகத்துக்குப் பூச்சுக் கொடுப்பதும், மழை ஓய்ந்தபின் நல்ல தண்ணீரால் அடியைக் கழுவி வெயிலில் உலர்த்துவதும் கரையோரத்தார் பட்டறிவால் வகுத்துக்கொண்ட நெறிகள்.

பற்றாக்குறையின் மிகக் கடுமையான வடிவத்தைக் காண வேண்டுமானால் பாக்கு நீரிணையைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே டயர் ‘ரயர்’ ஆகும். சக்கரம் ‘சில்லு’ ஆகும். 1977-க்கு முந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் இலங்கையிலும் பழைய பிரித்தானியக் கார்களைப் பேணும் வழக்கம் வேரூன்றியிருந்தது. ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் மைனர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு ஆகியவை யாழ்ப்பாண வீட்டு முற்றங்களில் குடும்ப உறுப்பினர்போல் நின்றன. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெட்ரோல், டீசல், மின்கலம், உதிரிப்பாகம் எதுவும் வழக்கமான வழியில் வரவில்லை. கள்ளச்சந்தையில் கிடைத்த பெட்ரோலோ பொன்னின் மதிப்புப் பெற்றது.

அப்போது இக்கிழட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இன்ஜினில் எளிதாக ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் வைத்திருந்த பெட்ரோலைச் சில துளிகள் கார்புரேட்டருக்குக் கொடுத்து இன்ஜினை உயிர்ப்பித்தனர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புதிய ஜப்பானியக் கார்களைவிடப் பழைய பிரித்தானியக் கார்கள் இதற்குப் பணிந்தன. ஏனெனில் 1950-களின் இன்ஜின்களில் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று என்னும் அளவிலேயே இருந்தது. தரங்குறைந்த எரிபொருளையும் அவை பெரிதாகத் தட்டோசை எழுப்பாமல் எரித்தன. ஆனால் அதற்கு விலை உண்டு. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, இன்ஜின் ஆயிலை நீர்க்கச் செய்தது. ஸ்பார்க் பிளக்குகளில் கரி படிந்தது. எனவே பிளக்கைக் கழற்றித் துடைப்பதும், ஆயிலை விரலிடையே தேய்த்து அதன் பிசுபிசுப்பைப் பார்ப்பதும் அடிக்கடி செய்ய வேண்டிய வேலைகளாயின.

அக்கார்களில் ஏறிச் சென்றவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். மகப்பேற்றுக்குச் சென்ற பெண்களும், காயம்பட்டவர்களும், முதியவர்களும் அவற்றில் சென்றனர். கார் பராமரிப்பு அங்கே செல்வர்களின் பொழுதுபோக்காகவோ சிக்கனக் கலையாகவோ இருக்கவில்லை. உயிர் காக்கும் ஏற்பாடுகளில் ஒன்றாக இருந்தது. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து ஏ-9 நெடுஞ்சாலை திறந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. ஆயினும் அக்கார்கள் பிறகும் பல ஆண்டுகள் வாடகைக்கு ஓடின.

இவ்வரலாற்றைப் பொற்காலமாகத் தீட்டுவது பிழை. அப்பழைய கார்களில் மோதலைத் தாங்கும் உடலமைப்பு இல்லை. ஈயம் கலந்த பெட்ரோலின் புகையை நகரங்கள் சுவாசித்தன. இந்தியாவில் அது முற்றிலும் விலக்கப்பட்டது 2000-இல்தான். பள்ளி செல்ல வேண்டிய சிறுவர்கள் பட்டறைகளில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார்கள். பழைய ஆயில் மண்ணில் கொட்டப்பட்டது. பற்றாக்குறை கூர்மையான கண்களை உருவாக்கியது என்பது உண்மை. அக்கண்களுக்கு உரிய ஊதியத்தை அது தரவில்லை என்பதும் உண்மை.

1983 டிசம்பர் 14-ஆம் நாள் முதல் மாருதி கார் கைமாறியபோது புதிய காலம் தொடங்கியது. அடுத்த 20 ஆண்டுகளில் கார்புரேட்டரும் பிளாட்டினம் பாயின்ட்டும் மறைந்து, எரிபொருள் பீய்ச்சிகளும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வந்தன. பழைய இன்ஜினுக்கு 3,000 முதல் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. இன்றைய கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்பது வழக்கமான கணக்கு. கவனமில்லாத உரிமையாளரையும் புதிய கார் நெடுநாள் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பொறுமை தீரும்போது அது முன்னறிவிப்பின்றித் தீரும். டைமிங் பெல்ட் இருமாது, புகையாது, ஒருநாள் அறும். பல இன்ஜின்களில் அதோடு வால்வுகளும் வளையும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொண்டேயிருக்கும்; கொச்சி போன்ற ஈரக்காற்றுள்ள ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றாவிட்டால், மலை இறக்கத்தில்தான் அதன் குறை தெரியவரும். குளிர்விக்கும் திரவத்துக்குப் பதில் குழாய்நீரை ஊற்றினால், அலுமினியப் பாகங்கள் உள்ளிருந்தே அரிக்கப்படும். கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்த பழைய நோய்களின் இடத்தை நாள்காட்டியால் மட்டுமே அறியத்தக்க நோய்கள் பிடித்துக்கொண்டன.

அதே காலத்தில் காரின் ஆயுளைச் சட்டமும் நாள்காட்டியால் அளக்கத் தலைப்பட்டது. சொந்தக் காரின் பதிவுச் சான்று 15 ஆண்டுக்குச் செல்லும்; அதன்பின் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். தமிழ்நாட்டில் இதை ‘எஃப்சி காட்டுதல்’ என்பர். கேரளத்தில் ‘டெஸ்ட்’ என்பர். 2022 ஏப்ரல் முதல் இப்புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களுக்குப் புதுப்பிப்பே கிடையாது. மும்பையில் 2003 அக்டோபரில் பதிவான கடைசிப் பத்மினி டாக்சி, வாடகை வண்டிகளுக்கான 20 ஆண்டு வரம்பை எட்டி 2023 அக்டோபரில் சாலையைவிட்டு விலகியது. மறுபுறம், 50 ஆண்டைக் கடந்த வாகனத்தைப் பாரம்பரியச் சின்னமாகக் கருதித் தனிப் பதிவெண் வழங்கும் விதி 2021-இல் வந்தது. 15-ஆம் வயதில் ஐயத்துக்கு உள்ளாகும் கார் 50-ஆம் வயதில் மரியாதைக்கு உரியதாகிறது. இடைப்பட்ட 35 ஆண்டுகளை யார் கையில், எவ்வாறு அது கழித்தது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அக்கைகளைப் பற்றி எந்த விதியும் பேசுவதில்லை.

காற்று மாசைக் குறைக்க வேண்டும் என்னும் நோக்கத்தை எவரும் மறுக்க இயலாது. 2020-இல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகளுக்கு முன் செய்யப்பட்ட கார்கள் கூடுதலாகப் புகை கக்கக்கூடும் என்பதும் மெய்யே. கேள்வி அளவுகோலைப் பற்றியது. ஆண்டுக்கணக்கு எளிது, யாரும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. சோதனை கடினம், புகையை அளக்க வேண்டும், பிரேக்கை அழுத்திப் பார்க்க வேண்டும், அடித்தகட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். வயதை மட்டும் அளவுகோலாக்கினால், நன்கு பேணப்பட்ட 16 வயதுக் காரும் பாழாக்கப்பட்ட 16 வயதுக் காரும் ஒரே தட்டில் நிற்கும். பேணியவருக்குப் பயன் ஏதும் இல்லையென்றால், பேணும் பழக்கம் நெடுநாள் நிலைக்காது.

இன்னொரு பூட்டும் விழுந்திருக்கிறது. இன்றைய காரின் பழுதைப் பார்ப்பதற்கு ஸ்கேனரும் மென்பொருளும் வேண்டும். அவை நிறுவனத்தின் சேவை மையத்தோடு நின்றுவிட்டால், தெருமுனைப் பட்டறைக்காரரின் கை கட்டப்பட்டுவிடும். 2022 ஜூலையில் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராய ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுப் பயன்பாட்டுச் சாதனங்களோடு வாகனங்களும் அதன் ஆய்வு வரம்புக்குள் வந்தன. கையேட்டையும் உதிரிப்பாகத்தையும் வெளியார் பெறும் வழி திறந்தால்தான் பட்டறை என்னும் நிறுவனம் இன்னொரு தலைமுறை தாங்கும்.

ஆயுதபூசை நாளில் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் கடைசலுக்கும் ஸ்பேனர்களுக்கும் சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். கார்களைக் கழுவி மாலையிட்டுச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அன்றைக்குக் கழுவும்போதுதான் பல உரிமையாளர்கள் தம் காரின் அடிப்பாகத்தை அவ்வாண்டில் முதன்முறையாகக் குனிந்து பார்க்கிறார்கள். டயரின் உட்புறத் தேய்மானமும், ஆயில் கசிவும், துருவின் முதற்புள்ளியும் அப்போது கண்ணில் படும். பராமரிப்பு என்னும் சொல்லின் பழம்பொருள் அச்சில நிமிடங்களில் நிறைவேறுகிறது.

களமசேரியின் பிரீமியர் சந்திப்பில் பேருந்துகள் இன்றும் நின்று செல்கின்றன. அங்கு இறங்குவோரில் பலருக்குப் பிரீமியர் என்பது எந்த ஆலையின் பெயர் என்பது நினைவில் இராது. ஆலை கைமாறி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. பெயரை வைத்திருக்க மக்களுக்குச் செலவேதும் இல்லை. நாள்தோறும் பயன்படுத்தினால் போதும். காருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும்: மாதம் ஒருமுறை டயரின் காற்றை அளக்கும் கை, மழைக்கு முன் கதவின் அடித்துளையைக் குத்திவிடும் ஈர்க்குச்சி, குனிந்து பார்க்கும் ஒரு சோடிக் கண்கள்.